மருதாயியின் பச்சைக் கூண்டு வண்டி

பூங்கரை நாட்டில் பெண் பார்த்துக் கல்யாணம் முடிப்பது சுலபம். புது வண்டி வாங்குவதுதான் கஷ்டம். தலைநகரில் வண்டி விற்பவர் சிங்காரவேலு ஒருவர்தான். அவர் கடைக்குள் போனால் மோர் வரும், வெற்றிலை வரும், விசிறிவிட ஆள் வருவான். வண்டி மட்டும் வராது.

அந்த ஊர் மருத்துவச்சி மருதாயி. சுற்றுவட்டாரத்தில் பதினெட்டு ஊர்ப் பிள்ளைகள் அவள் கையில்தான் பிறந்தார்கள். அவளுடைய அம்மா காலத்திலிருந்தே அந்தக் கடை வண்டிதான். அவளே மூன்று வாங்கியிருக்கிறாள். பிள்ளை பெற்ற வீட்டில் கஷாயத்துக்குப் பக்குவம் சொல்லும்போதே, வண்டி எடுத்தால் சிங்காரவேலு கடையில் எடுங்கள் என்றும் சொல்லிவிட்டு வருவாள்.

நாலாவது வண்டிக்குத் தை மாதம் சொல்லிவைத்தாள். ஒற்றை மாடு பூட்டும் சின்ன வில்வண்டி, பச்சைக் கூண்டு, அவள் முழங்கால் வலிக்குத் தோதாகத் தாழ்ந்த படி. மாசியில் போனபோது மரம் இன்னும் காயவில்லை என்றார்கள். பங்குனியில் ஆணி வரவில்லை என்றார்கள். சித்திரையில், சிவப்பு வண்டி ஒன்று தயாராக இருக்கிறது, மயில் பொம்மையும் எட்டுச் சலங்கையும் பட்டுத் திரையும் சேர்த்துத்தான் தருவோம், எடுத்துக்கொள்கிறீர்களா என்றார்கள். பிரசவ வீட்டுக்கு அதில் போனால் மாப்பிள்ளை வருகிறார் என்று எதிரே மேளக்காரர் வந்துவிடுவார் என்று சொல்லி மறுத்துவிட்டாள்.

வைகாசி மழையில் பழைய வண்டியின் அச்சு முறிந்தது. மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு அரைக் காதம் சேற்றில் நடந்தாள். அவள் போய்ச் சேருவதற்குள் குழந்தை பிறந்து, தெருவே கேட்க அழுதுகொண்டிருந்தது. தாயும் பிள்ளையும் சுகம்தான். ஆனாலும் அடுத்த தடவை இப்படியே நல்லபடி முடியும் என்று யார் சொல்ல முடியும்? மறுநாள் காலை நேராக அரசவைக்குப் போய் முறையிட்டாள்.

மன்னர் கொற்றவேலர் சிங்காரவேலுவை வரவழைத்தார். அவர் கும்பிட்டபடி ஓர் ஓலையை நீட்டினார். வண்டிக்குச் சொன்ன அன்றே மருதாயிக்கு எழுதிக் கொடுத்த ஓலையின் நகல். அதில் ஒரே ஒரு வரி: ‘வண்டி வந்தவுடன் மருதாயிக்குக் கொடுக்கப்படும்.’ நாள் குறிப்பிடவில்லை, எழுதின ஓலைப்படிதான் நடக்க வேண்டும் என்பது மகாராஜா போட்ட சட்டம் என்று பணிவாக நினைவுபடுத்தினார். மன்னருக்குக் கோபம் வந்தது. ஆனால் சட்டம் அவருடையது. அவையின் சாமர்த்தியசாலி செவ்வந்தியப்பர் பக்கம் திரும்பினார்.

“செவ்வந்தியப்பரே, ஓலையில் ஓர் எழுத்தைக்கூட மீறக் கூடாது. நாளை மாலைக்குள் இந்த அம்மாவுக்கு வண்டி வேண்டும். இல்லையென்றால் பதினெட்டு ஊருக்கும் நீர்தான் இவரை முதுகில் சுமக்க வேண்டும்.”

செவ்வந்தியப்பர் மருதாயியை ஒருமுறை பார்த்தார். நல்ல ஆகிருதி. அவசரமாக ஓலையை வாங்கி இன்னொரு முறை படித்தார்.

மறுநாள் காலை அவரும் மருதாயியும் இரண்டு காவலரும் கடைவாசலில் போய் உட்கார்ந்தார்கள். சிங்காரவேலு மெத்தை போட்ட தன் பெரிய வண்டியில் வந்து இறங்கினார். வழக்கம்போல் மோர் வந்தது. செவ்வந்தியப்பர் நிதானமாகக் குடித்துவிட்டுக் காவலர்களிடம் சொன்னார்: “வண்டி வந்துவிட்டது. அம்மாவுக்குக் கொடுங்கள்.”

“ஐயா, இது என் சொந்த வண்டி” என்றார் சிங்காரவேலு.

“வண்டி வந்தவுடன் என்றுதானே எழுதியிருக்கிறீர்? எந்த வண்டி என்று எழுதவில்லையே. மாட்டை மட்டும் அவிழ்த்துக்கொள்ளும். மாடு தருவதாக ஓலையில் இல்லை.”

அதற்குள் அவருடைய வயலிலிருந்து வைக்கோல் வண்டி வந்து நின்றது. அதுவும் மருதாயிக்குப் போனது. ஒன்றுதான் கொடுத்தாயிற்றே என்று சிங்காரவேலு அழாக்குறையாகக் கேட்டார். எத்தனை வண்டி என்றும் ஓலையில் எழுதவில்லை என்றார் செவ்வந்தியப்பர். அடுத்து, மதியச் சாப்பாட்டோடு வீட்டு வண்டி வந்தது. சாப்பாட்டுத் தூக்கை மட்டும் இறக்கி அவர் கையில் கொடுத்தார்கள்.

அப்போதுதான் அவருக்குப் பகீரென்றது. பட்டறையிலிருந்து ஐந்து புது வண்டிகள் அன்றைக்கு வர வேண்டும். தூக்கும் கையுமாகத் தெருமுனைக்கு ஓடினார். தலைப்பாகையை அவிழ்த்து வீசி வீசிக் காட்டி, வராதே, திரும்பிப் போ என்று கத்தினார். வண்டிக்குச் சொல்லிவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாரும் தெருவில் கூடிவிட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் சிரித்துச் சிரித்துச் சாக்கடை ஓரம் உட்கார்ந்தே விட்டார்.

முதல் புது வண்டி தூரத்தில் தெரிந்ததும் சிங்காரவேலு ஓடிவந்து மருதாயி முன்னால் கைகட்டி நின்றார்.

“அம்மா, உங்கள் பச்சை வண்டி பின்கட்டில்தான் இருக்கிறது. பங்குனியிலேயே வந்துவிட்டது. ஒரு மிராசுதார் கூடுதல் விலை தருவதாகச் சொன்னார். அதனால்தான்...”

மருதாயி சிரிக்கவில்லை. “சிங்காரம், உன் பிள்ளைகள் இரண்டு பேரையும் நான்தான் எடுத்தேன். நேராகச் சொல்லியிருந்தால் இன்னும் நாலு மாதம்கூடக் காத்திருப்பேன். என்னிடம் ஏன் பொய் சொன்னாய்?”

சிங்காரவேலு பின்கட்டுக்குப் போய், பச்சை வண்டியைத் தானே நுகத்தடி பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மருதாயி படியில் கால் வைத்துப் பார்த்தாள். வலிக்கவில்லை. மற்ற மூன்று வண்டிகளையும் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். இனிமேல் எழுதும் ஓலையில் நாளும் அடையாளமும் இருக்க வேண்டும் என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து தன் மாட்டை வரவழைத்துப் பூட்டிக் கிளம்பினாள். அன்றைக்கும் ஒரு பிரசவம் காத்திருந்தது.

நடந்ததைக் கேட்டு மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்ன பரிசு வேண்டும் என்று செவ்வந்தியப்பரைக் கேட்டார். தன் வண்டியும் ஆட்டம் கண்டுவிட்டது, ஒரு வண்டி கிடைத்தால் போதும் என்றார் அவர்.

“அவ்வளவுதானே? இப்போதே புது வண்டிக்குச் சொல்லிவிடுகிறேன்” என்றார் மன்னர்.

செவ்வந்தியப்பர் பதறிப்போய்க் கும்பிட்டார். “புதிது வேண்டாம் மன்னா. அரண்மனைக் கொட்டிலில் இருக்கிற பழையது எதுவானாலும் கொடுங்கள். எனக்கு ஐம்பத்தைந்து வயதாகிறது.”