ஏகாம்பரத்தின் கட்டைவிரல்

“அம்மா, அது மறுபடியும் செத்துப் போச்சுங்க.”

ஏகாம்பரம் வாசலில் நின்றார். சீடருக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. உள்ளே நெல்லிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த குரு தவமணி அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

“எது?”

“கம்ப்யூட்டர்ங்க. போட்டா ஃபேன் சுத்துது, திரையில வெளிச்சம் வருது. நாலு எழுத்து வர்றதுக்குள்ள பொட்டுனு அணைஞ்சிருது.”

“கடைக்குக் கொண்டுபோனீங்களே?”

“ரெண்டு தடவைங்க. மெமரியை மாத்திட்டாங்க, பவர் சப்ளையை மாத்திட்டாங்க. அங்க நாள் முழுக்க ஓடுது. இங்க கொண்டாந்து வெச்சா சாவுது.”

“அப்ப கோளாறு இங்கதான் இருக்கு.”

“நானும் அதத்தாங்க நெனச்சேன். அந்த ரூமுக்கு வாஸ்து சரியில்ல.”

அம்மா சிரித்துவிட்டார்.

சிறுமலை அடிவாரத்தில் சின்ன ஆசிரமம். அங்கே காய்ச்சும் தைலத்துக்கு ஆர்டர் வருவது அந்தக் கம்ப்யூட்டரில்தான். அதைப் பார்த்துக்கொள்வது ஏகாம்பரம். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்றை அவரிடம் ஒப்படைத்தால் மடியில் முடிந்துகொள்வார், அப்புறம் அவிழ்க்கவே மாட்டார்.

சொல்லி முடித்த பிறகும் அவர் நகரவில்லை.

“இன்னும் என்ன?”

“பையன் நாளைக்குக் கடை திறக்கிறானுங்க. மெஸ். இது மூணாவது தடவை.”

“நல்ல விஷயம்தானே?”

ஏகாம்பரத்தின் கண் கலங்கியது.

“இதையும் மூடுற மாதிரி ஆச்சுன்னா மஸ்கட்டுக்கே போயிருவானாம். அப்புறம் ஊர்ப் பக்கமே வரமாட்டானாம். முகத்தைப் பாக்காமச் சொல்றானுங்க.”

“மஸ்கட்ல என்ன செஞ்சிட்டிருந்தார்?”

“பெரிய சமையக்கட்டு ஒண்ணை எட்டு வருசம் நடத்துனான். ஒரு குறை கெடையாது. இங்க வந்தாத்தான் நாலு மாசம் தாங்க மாட்டேங்குது.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“விட்டுருவனாங்க? ரெண்டு தடவையும் கூடவே நின்னேன். காலைல காய் வாங்குறதுல இருந்து ராத்திரி பூட்டுற வரைக்கும். கல்லாவுக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துட்டேன். இந்தத் தடவை ஆறு மாசம் நகரப் போறதில்ல. உத்தரவு குடுங்கம்மா.”

“கம்ப்யூட்டர் ஓடட்டும். அப்புறம் போகலாம்.”

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளை கையைவிட்டுப் போகிறான், இந்த அம்மாவுக்குத் தைல ஆர்டர் பெரிதாகப் போயிற்று. ஆனாலும் குரு சொல்லாயிற்றே.

“தினமும் எப்படிப் போடுவீங்களோ, அப்படியே போடுங்க. நான் பார்க்கிறேன்.”

ஏகாம்பரம் கைகால் கழுவிவந்து சந்தனம் உரைத்தார்.

ஊரெல்லாம் ஆயுத பூஜைக்கு மட்டும் செய்வதை அவர் அன்றாடம் செய்கிறவர். கம்ப்யூட்டர் அணையத் தொடங்கிய நாளிலிருந்து சந்தனத்தைக் கூட்டிவிட்டார்.

“கடைக்காரப் பாவி, போறப்பல்லாம் பொட்டைத் துடைச்சு விட்டுர்றான்,” என்றார்.

பெட்டியின் முகப்பில் இருந்த பவர் பொத்தான்தான் அவருக்கு அதன் நெற்றி. கட்டைவிரலால் அதில் சந்தனத்தை அப்பினார். நடுவில் குங்குமம் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, “முருகா” என்று அழுத்தினார்.

ஃபேன் சுற்றியது. வெளிச்சம் வந்தது. நாலு எழுத்து வந்தது.

அணைந்தது.

“பாத்தீங்களா?”

“பார்த்தேன்.”

அம்மா துறவுக்கு முன் திருச்சியில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். ஸ்க்ரூடிரைவர் கேட்டார். பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினார். பொத்தானிலிருந்து உள்ளே போகும் மெல்லிய ஒயரைப் பிடுங்கி ஓரமாக விட்டார். ஒயர் செருகியிருந்த இடத்தில் இரண்டு சின்னக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டையும் சேர்த்துத் தொட்டார்.

உடனே எடுத்துவிட்டார்.

ஃபேன் சுற்றியது. வெளிச்சம் வந்தது. நாலு எழுத்து வந்தது.

ஏகாம்பரம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாவது எழுத்தும் வந்தது. வரி வரியாக ஓடியது. திரை முழுவதும் நீலமாக விரிந்து, சிறுமலையின் படம் வந்து நின்றது. காத்திருந்த ஆர்டர்கள் மணியடித்தபடி உள்ளே இறங்கின.

யாரும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கை தானாகக் கூப்பிக்கொண்டது. கர்ப்பக்கிருகத்துத் திரை விலகும்போதுகூட அவர் அப்படி நின்றதில்லை.

“அம்மா, என்னங்க பண்ணீங்க?”

“தொட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“விட்டேன்.”

அம்மா முகப்பிலிருந்த பொத்தானைக் காட்டினார். ஏகாம்பரம் அழுத்தியதில் உள்ளே போன பொத்தான் இன்னும் வெளியே வரவில்லை. இடுக்கெல்லாம் சந்தனம் காய்ந்து பிசினாகப் பிடித்திருந்தது.

“தொட்டு விட்டா, கிளம்புன்னு அர்த்தம். அழுத்தின கை எடுக்கவே இல்லைன்னா, நிறுத்தச் சொல்றாங்கன்னு அது அணைஞ்சிடும். அதோட அமைப்பு அப்படி.”

“நான் நல்லதுக்குத்தானேங்க வெச்சேன்?”

“நல்ல சந்தனம்தான்,” என்றார் அம்மா. “வாசமா இருக்கு.”

அவர் நெல்லிக்காய் நறுக்கப் போய்விட்டார்.

ஏகாம்பரம் தன் கட்டைவிரலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை அவர் திண்டுக்கல்லில், புது மெஸ்ஸில் இருந்தார். மகன் குமரகுரு முகத்தைப் பார்க்காமல் தீக்குச்சியை நீட்டினான். ஏகாம்பரம் விளக்கேற்றினார். குமரகுரு ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டான்.

ஏகாம்பரம் அதை எடுத்துக்கொண்டு போய், சாப்பிடுகிறவர்கள் வரிசையில் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டு இட்லி சாப்பிட்டார். சாம்பாரில் உப்பு ஒரு கல் தூக்கல். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தண்ணீர் குடித்து விழுங்கினார்.

கை கழுவினார். செருப்பை மாட்டினார். பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. கையில் கரண்டியோடு குமரகுரு. மூச்சு வாங்கியது. அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தான்.

“அப்பா, மறுபடி எப்ப வருவீங்க?”

“நீ கூப்பிடுறப்ப.”