கடல் இடது கைப் பக்கம்

கொட்டிவாக்கத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு மோட்டார் சைக்கிள் சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர் அமலதாஸ். உறுப்பினர்கள் பூவராகனும் நசீரும். மூவருக்கும் சொந்தமாக வண்டி உண்டு. மூளை விஷயத்தில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

புரட்டாசிக் கடைசி. வெயில் போகவில்லை, புயல் வரவில்லை, நடுவில் கடல் அழகாக இருக்கும் என்று தலைவர் கண்டுபிடித்தார். மரக்காணம் வரை போய் இட்லி தின்றுவிட்டுத் திரும்புவதாக முடிவு.

அன்று சாயந்திரம் ஐந்து மணிக்கு மகள் ஷெரினைப் பெண் பார்க்க வருகிறார்கள். முன்பு வந்த இரண்டு வரன்களும் அமலதாஸ் வாயைத் திறந்ததும் எழுந்து போனவை. தனியே விட்டால் மனுஷன் ஒழுங்காக வீடு திரும்பமாட்டார் என்பதால், மனைவி ஜெசிந்தா பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"இதுவும் போச்சுன்னா நீங்க இந்த பைக்கோடயே குடும்பம் நடத்திக்குங்க."

பட்டறை மெக்கானிக் துரைக்கண்ணு புத்தி சொல்லி அனுப்பினார்: "கடல் எப்பவும் இடது கைப் பக்கமே இருக்கட்டும், வழி தப்பாது. காத்தடிச்சா பாரம் ஏத்திக்குங்க, வண்டி ஆடாது."

மரக்காணம் வரை கடல் ஒழுங்காக இடது பக்கமே வந்தது. இட்லி முடிந்ததும் காற்று அடித்தது. பக்கத்திலேயே உப்பளம். ஆளுக்கொரு மூட்டை உப்பை வாங்கி வண்டியில் கட்டினார்கள். உடனே மழை.

"பாரம் குறையுது தலைவரே," என்றார் நசீர், பின் சக்கரத்தடியில் ஒழுகுவதைப் பார்த்து.

"இன்னொண்ணு ஏத்து."

அதுவும் கரைந்தது. மூன்றாவது மூட்டைக்கு ஆள் அனுப்பியபோது ஜெசிந்தா கைக்கடிகாரத்தை நீட்டினாள். "மணி ரெண்டு. வண்டியைத் திருப்புங்க."

திருப்பினார்கள். பத்தடி போனதும் பூவராகன் பிரேக் போட்டார்.

"தலைவரே, கடல் இடம் மாறிடுச்சு."

ஆமாம். வலது பக்கம் இருந்தது.

"புயல் சமயத்துல கடல் உள்வாங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். ரோட்டைத் தாண்டும்னு யாரும் சொல்லலையே," என்றார் நசீர்.

சோதனைக்காக மறுபடி தெற்கே திரும்பினார்கள். கடல் பழையபடி இடது பக்கம் வந்து நின்றது.

"அப்ப இதுதான் வழி," என்றார் தலைவர். "இப்படியே கன்னியாகுமரி போய் வளைஞ்சா மும்பை வரைக்கும் கடல் இடதுதான். அங்கருந்து வண்டியை ரயில்ல போட்டுடலாம்."

"அஞ்சு மணிக்குள்ளயா?" என்றாள் ஜெசிந்தா.

"சிக்னல் எதுவும் மாட்டலேன்னா."

பன்னிரண்டு வருஷம் கன்னியாஸ்திரிகள் பிரம்பால் கற்பித்தும் ஜெசிந்தாவுக்கு வராத பொறுமை, மரக்காணத்திலா வரும்? கணவரை இறக்கினாள். கல்யாணத்துக்கு முன் அண்ணன் வண்டியை ஓட்டிய கையால் ஹாண்டில் பாரைப் பிடித்து வண்டியை வடக்கே திருப்பினாள்.

"பின்னால ஏறுங்க. எனக்கு முதுகைக் காட்டி உக்காருங்க. இப்ப கடல் எந்தப் பக்கம்?"

அமலதாஸ் நிதானமாகப் பார்த்தார். "இடது."

"வாயை மூடிக்கிட்டு வாங்க."

மற்ற இருவருக்கும் ஓட்ட ஆளில்லை. தெற்கைப் பார்த்தபடியே வண்டிகளைப் பின்பக்கமாக உருட்ட ஆரம்பித்தார்கள். இந்நேரம் மாமல்லபுரத்தை நெருங்கியிருக்கலாம்.

நாலு ஐம்பத்தைந்துக்கு வீடு. மாப்பிள்ளையும் பெற்றோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அமலதாஸ் பின்பக்கமாகவே நடந்து உள்ளே வந்தார்.

"திரும்புங்க," என்றாள் ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு.

"கடற்கரை ரோட்டுலதானே ஜெசி நம்ம வீடும் இருக்கு?"

ஒரு நாற்காலியை இழுத்து, கடல் இடது கைப் பக்கம் அமையும்படி போட்டு, தெற்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். விருந்தாளிகளுக்குக் கிடைத்தது அவர் முதுகு.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். மூன்றாவதும் போயிற்று என்று ஜெசிந்தா வாசல் கதவைத் திறந்து பிடித்தாள்.

அவரோ நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அமலதாஸ் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். அம்மாவும் தூக்கினாள். மாப்பிள்ளையும் தூக்கினான்.

"வீட்டு வழக்கம் இதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே சம்பந்தி," என்றார் அவர், சுவரிடம்.

ஷெரின் காபித் தட்டோடு வந்து நாலு பிடரிகளுக்குப் பின்னால் நின்றாள். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான் மாப்பிள்ளை.