மந்திரி பேசிய பானை

எங்கள் ஊர் பிரசிடெண்ட் தனுஷ்கோடி வீட்டில் ஏசி உண்டு, ஊஞ்சல் உண்டு, செல்போனுக்குச் சிக்னல் மட்டும் கிடையாது. ஊரில் யாருக்குமே கிடையாது. "டவர் கேட்டு நாயா அலைஞ்சேன், கவர்மெண்டு தரமாட்டேங்குது" என்று மேடைக்கு மேடை கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள் காலை, மந்திரியே போனில் கூப்பிடப்போவதாகத் தகவல் வந்தது. பிரசிடெண்ட் சமையல்கார ஒச்சம்மாளிடம் பாய்ந்தார்.

"ஏ ஒச்சம்மா, குடிசையில நீ மட்டும் என்னமோ பண்ணி போன் பேசுறியாமே? இங்கேயும் சிக்னல் வரணும். வரலேன்னா நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராதே."

ஒச்சம்மாள் மொட்டைமாடிக்கு ஏறினாள். பின்னாலேயே பிரசிடெண்டும் ஏறினார். பழைய குடையை விரித்து, உள்ளே பிஸ்கட் பாக்கெட் வெள்ளித்தாளை ஒட்டி, அதன் முன்னால் அவருடைய போனைப் பிடித்தாள். ரெண்டு கோடு சிக்னல் ஏறியது.

போனும் அடித்தது.

"காத்துல சரியாக் கேக்காதுங்கய்யா" என்று ஸ்பீக்கரை அமுக்கி, குடைக்கு முன்னாலேயே படுத்துக்கிடந்த மண்பானைக்குள் போனை வைத்தாள். பானையின் வாய் தெருக்குழாயைப் பார்த்திருந்தது.

மந்திரியின் குரல் தெருவெல்லாம் முழங்கியது. "என்ன தனுஷ்கோடி, உங்க வீட்டுக்கு ஈசானிய மூலையில வருது, வாஸ்து சரியில்ல, டவரே வேண்டாம்னு கேட்டீங்கள்ல? பக்கத்து ஊருக்குக் குடுத்தாச்சு. சந்தோஷம்தானே?"

அப்படிச் சொல்லிவிட்டுப் போன வாஸ்துக்காரருக்கு அன்றைக்குக் காபி ஆற்றிக் கொடுத்தவளே ஒச்சம்மாள்தான்.

குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன. ஒருத்தியும் குழாயை மூடவில்லை. எல்லோரும் மாடியையே பார்த்தார்கள்.

"கட் பண்ணுடி!" என்று பல்லைக் கடித்தார் பிரசிடெண்ட்.

"அதெப்படிங்கய்யா?" என்றாள் ஒச்சம்மாள் பணிவாக. "ஊருக்கே இப்பத்தானே சிக்னல் கிடைச்சிருக்கு."