தேசப்பன் உட்கார்ந்து சுட்ட கீஷ்

நண்டுமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர். நடுவில் ஒரு கீற்று வேலிதான். ஊரில் எல்லாரும் அவர்களை நினைத்துச் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் யாருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஒட்டினாற்போல் ஓலைக் கூரை கிடையாது. எனக்கு இருக்கிறது.

மூத்தவன் அஞ்சாப்புலி. அந்த வீட்டில் யோசிக்கிற வேலை அவனுடையது. நடுவில் தேசப்பன். ஆள் பெரிய உடம்பு, அதனால் யோசித்ததைத் தூக்குகிற வேலை அவனுக்கு. கடைசி கலிவரதன். செல்போன் அவனிடம் இருக்கும்.

மூவருக்கும் கருவாட்டுத் தொழில். மீனை வயிற்றைக் கீறி, குடலை எடுத்து, கடல் தண்ணீரில் அலசி, மூன்று கூடை மீனுக்கு ஒரு கூடை உப்பு என்று போட்டு, மேலே கல் ஏற்றி வைப்பார்கள். பிறகு மணலில் பாய் விரித்துக் காயப் போடுவார்கள். உச்சி வேளையில் ஒரு புரட்டு. மற்ற நேரமெல்லாம் காக்கா ஓட்டுவது. இந்த வேலையில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. வேறு எந்த வேலையையும் அவர்களிடம் கொடுக்கக் கூடாது.

கொடுத்தார் ஒருவர்.

பாண்டிச்சேரியிலிருந்து கருவாடு வாங்க வந்த சுகந்தி என்ற பெண்ணைக் கலிவரதனுக்குப் பிடித்துப் போயிற்று. அவளுக்கும் இவனைப் பிடித்துப் போயிற்று. அது எப்படி என்று நான் பல நாள் யோசித்து, தலைவலி வந்ததுதான் மிச்சம். அவள் அப்பா தணிகாசலம், ஆயுசு பூராவும் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்படி பார்த்தவர். அவர் கை பட்டால் மாவு பூப்போல வரும் என்பார்கள். அப்படிப்பட்டவருக்கு நெஞ்சுவலி வந்தது. மைதா கூடாது, வெண்ணெய் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் உயிராக நினைத்த பண்டம் கீஷ். மைதாவில் கிண்ணம் மாதிரி ஓடு செய்து, அதற்குள் முட்டையும் பாலும் கலந்து ஊற்றி, காய் கீரை ஏதாவது போட்டுச் சுடுவது. இனிப்பு கிடையாது, உப்புப் பண்டம். அந்த ஊர்க் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். மனிதர் அந்தக் கடைப் பக்கம் போனால் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பாராம். சுகந்திதான் கையைப் பிடித்து இழுத்து வருவாள்.

பெண் கேட்டு இவர்கள் போனபோது, கருவாட்டு வீட்டுக்குப் பெண் கொடுக்க அவருக்கு மனசில்லை. நேராக இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் ஒன்று சொன்னார். "மைதா இல்லாம, வெண்ணெய் இல்லாம, காய்கறியிலேயே ஓடு செஞ்சு எனக்கு ஒரு கீஷ் சுட்டுக் கொடுங்க. உங்க வீட்டு ஆம்பளைங்க கையாலதான் செய்யணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர்றேன். சாப்பிட்டுட்டுக் கல்யாணத் தேதி சொல்றேன்."

பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை தலையிட்டால் ருசியிலேயே தெரிந்துவிடும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அது என்னைத்தான். ஆகவே எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற வேலை மட்டும். என்னிடமிருந்து அவர்கள் வாங்கிப் போனது என் பெரிய அண்டாவை. அம்மா வீட்டுச் சீர் அது. கொடுத்த நிமிஷத்திலிருந்து நான் வேலியை விட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சுகந்தி செய்முறை முழுவதையும் வாய்ஸ் மெசேஜில் பேசி அனுப்பினாள். வீட்டுக்கு வரப்போகிற பெண் பேசும்போது உட்கார்ந்து கேட்பது மரியாதை இல்லை என்று அஞ்சாப்புலி சொன்னதால், மூன்று பேரும் எழுந்து கைகட்டி நின்று கேட்டார்கள். கொஞ்சம் கேட்பார்கள், நிறுத்துவார்கள், அதைச் செய்வார்கள். பிறகு மறுபடி கைகட்டி நிற்பார்கள்.

முதலில் அவள் சொன்னது, சுரைக்காயைச் சுத்தம் பண்ணித் துருவி, உப்புப் போட்டு வைக்க வேண்டும், தண்ணீர் இறங்கியதும் பிழிந்துவிட வேண்டும் என்று.

இதைக் கேட்டதும் மூவர் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. உப்பு, தண்ணீர் இறங்குவது இதெல்லாம் தெரிந்த விஷயம். சுரைக்காயின் தலையை வெட்டினார்கள். வயிற்றைக் கீறினார்கள். விதையைக் குடல் என்று வழித்துக் காக்காய்க்குப் போட்டார்கள். கடலுக்கு எடுத்துப் போய் அலசினார்கள். துருவியும் முடித்தார்கள். உப்பு எவ்வளவு என்பதில்தான் நின்றது.

"அண்ணி அளவு சொல்லலையே" என்றான் தேசப்பன். தம்பிக்கு வரப்போகிறவளை அண்ணி என்று கூப்பிடக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

"தெரிஞ்சவங்ககிட்ட எதுக்கு அளவு சொல்லணும்?" என்றான் அஞ்சாப்புலி. "சுரைக்காய் எந்த மீன் சைசு?"

"வஞ்சிரம்."

"அப்ப வஞ்சிரத்துக்குப் போடுறதைப் போடு."

மூன்று கிண்ணம் துருவலுக்கு ஒரு கிண்ணம் கல்லுப்பு விழுந்தது. நான் வேலி வழியாக, அத்தனை உப்பு ஆகாது, கழுவியாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். மெசேஜைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். கழுவு என்று அதில் இல்லை. அக்கா தலையிட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்று அஞ்சாப்புலி வருத்தமாகச் சொன்னான். நான் வாயை மூடிக்கொண்டேன். கல்யாணம் நின்றதற்கு நான் காரணமாக வேண்டாம்.

பிழிந்த சுரைக்காயில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து, ஒரு எவர்சில்வர் தட்டில் அழுத்தி, ஓரத்தைக் கிண்ணம் போல மேலே ஏற்றினார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், அதுவரைக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அடுத்து, அண்டாவில் மணல் போட்டுச் சூடாக்கி அதற்குள் தட்டை வைக்க வேண்டும் என்றாள் சுகந்தி. வீட்டில் கேக் சுடுகிறவர்கள் செய்வதுதான். அஞ்சாப்புலி வெளியே வந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சுட்டுக்கொண்டிருக்கிற மணலைப் பார்த்தான்.

"இவ்வளவு மணல் சூடா கெடக்கு. இதுல ரெண்டு கைப்பிடி அள்ளி அண்டாவுல போட்டு, விறகு வெச்சு எரிக்கிறதா? பாண்டிச்சேரியில மணல் பத்தாது, பாவம். அதான் அப்படிச் சொல்லுது."

என் அண்டா தப்பித்தது. அதில் காக்கா ஓட்டுகிற கல்லைப் போட்டு வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கல் விழும்போதும் எனக்கு இங்கே நெஞ்சில் விழுந்தது.

தட்டை மணலில் பதித்தார்கள். மெசேஜ் மேலே போயிற்று. ஓடு உப்பி எழும்பாமல் இருக்க மேலே கனமாக ஏதாவது வை, ஓடு நன்றாகச் சிவந்ததும் கனத்தை எடுத்துவிடு என்றாள்.

கல் வைக்கலாம் என்றான் கலிவரதன். மீனுக்குக் கல் வைக்கிறோம், மாமனாருக்கும் அதே கல்லா என்று அண்ணன் கடிந்துகொண்டான். வீட்டிலேயே கனமானது எதுவோ அதைத்தான் வைக்க வேண்டும். மூன்று பேரும் யோசித்தார்கள். பிறகு இரண்டு பேர் தேசப்பனைப் பார்த்தார்கள். தேசப்பனும் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான்.

ஓட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் கோணியை மடித்துப் போட்டு, தேசப்பன் உட்கார்ந்தான். கொளுத்துகிற வெயில். அஞ்சாப்புலி அடிக்கடி வந்து குனிந்து பார்த்தான்.

"ஓடு சிவந்துச்சா?" என்றான் தேசப்பன்.

"இல்ல. நீ சிவந்துட்டே. ஓடு இன்னும் பச்சையாத்தான் இருக்கு. உட்காரு."

அவன் உட்கார்ந்திருக்கட்டும் என்று மற்ற இருவரும் பாலைக் கவனிக்கப் போனார்கள். அப்பாவுக்குக் கொழுப்பு ஆகாது, பாலைக் காய்ச்சி ஆடையை எடுத்துவிட்டு ஊற்று, ஆடை துளிகூட இருக்கக் கூடாது என்று சுகந்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கலிவரதன் காய்ச்சினான், ஆடையை எடுத்தான். ஆறியதும் இன்னொரு ஆடை வந்தது. மறுபடி காய்ச்சி அதையும் எடுத்தான். திரும்பவும் வந்தது. மாமனாரின் நெஞ்சு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அவன் விடவில்லை. ஆடையே வராத நிலைமை வரும்வரை காய்ச்சினான். அப்படி ஒரு நிலைமை வந்தது. அப்போது பாத்திரம் சுத்தமாக இருந்தது.

பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்த கலிவரதனுக்குக் கொஞ்சம் சந்தேகம். "அண்ணா, பாலே தெரியலையே."

"கொழுப்பு எடுத்த பால் அப்படித்தான் தெரியும்" என்றான் அஞ்சாப்புலி. "ஜாக்கிரதையா எடுத்துட்டு வா, தளும்பப் போவுது."

கலிவரதன் அடிமேல் அடி வைத்து அந்தப் பாத்திரத்தைக் கடற்கரைக்குக் கொண்டு போனான். வழியில் எதிர்ப்பட்டவர்களை ஒதுங்கச் சொன்னான்.

ஒரு வழியாகத் தேசப்பனை எழுப்பினார்கள். எழுந்தவனுக்குக் கால் நேராக வரவில்லை. ஓடு தகடு போல இறுகியிருந்தது. அதில் அடித்த முட்டை, மிளகு, வெங்காயம், முருங்கைக்கீரை எல்லாம் போட்டார்கள். அதன் மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை தட்டி ஊற்றினார்கள். நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டை மஞ்சளாக வெயிலில் மின்னியது. பரவாயில்லை, இதுவாவது தேறும் என்று எனக்குக்கூட ஒரு நப்பாசை.

சூரியன் உச்சிக்கு வந்தது. கலிவரதன் தன் பாட்டுக்கு எழுந்தான். பிறந்ததிலிருந்து உச்சி வேளையில் அவன் செய்கிற காரியம் ஒன்றுதான். பாயில் கிடந்த கருவாட்டையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தான். கீஷ் வந்தது. அதையும் புரட்டினான்.

மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். பிறகு திருப்பி வைத்துப் பார்த்தார்கள். ஓடு இருந்தது. உள்ளே இருந்ததை மணல் குடித்திருந்தது.

"எல்லாத்தையும் ஓடு உள்ளே இழுத்துக்கிச்சு" என்றான் அஞ்சாப்புலி. "நல்ல ஓடு."

வெந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெசேஜில் அதற்கும் வழி இருந்தது. நடுவில் கத்தியால் குத்திப் பார், ஈரம் ஒட்டாமல் சுத்தமாக வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். குத்தினார்கள். இரண்டு தடவை சறுக்கிவிட்டு மூன்றாவது தடவை கத்தி இறங்கியது. சுத்தமாக வந்தது. ஈரம் என்ற பேச்சே இல்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கலிவரதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் தணிகாசலம் மகளோடு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை படிய வாரியிருந்தார். எத்தனையோ மாதம் கழித்துக் கீஷ் சாப்பிடப்போகிற மனிதர். சுகந்திக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அவளை என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாழை இலையில் கீஷை வைத்தார்கள். அவர் அதை எடுத்து, ரொட்டியைத் தட்டிப் பார்ப்பது போல அடியில் விரலால் தட்டினார். டங் என்றது. முகர்ந்து பார்த்தார். பிறகு ஓரத்தில் ஒரு கடி கடித்தார். பல்லில் மணல் நறநறத்தது எங்களுக்கே கேட்டது. மென்றார். விழுங்கினார். தண்ணீர் என்று கை காட்டினார். ஒரு செம்பு குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார். குடத்தையே பக்கத்தில் வைத்தார்கள்.

பேச்சு வந்ததும், "இது கீஷ் இல்ல" என்றார். "கருவாடு."

சுகந்தி என் கையைக் கிள்ளிவிட்டாள். கலிவரதன் தலையைத் தொங்கப் போட்டான். அஞ்சாப்புலி மட்டும் முன்னே வந்து, மிகவும் பணிவாக நின்றான்.

"மைதா இருக்குதா மாமா?"

"இல்ல."

"வெண்ணெய்?"

"இல்ல."

"எங்க கையாலதான் செஞ்சோம். வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து அக்கா எவ்வளவோ சொன்னாங்க, ஒண்ணையும் கேக்கல. சாப்பிட்டுட்டுத் தேதி சொல்றேன்னீங்க. சாப்பிட்டுட்டீங்க. நல்லா இருந்தாத்தான் சொல்வேன்னு நீங்க சொல்லலையே."

தணிகாசலம் இன்னும் ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். மகளைப் பார்த்தார். அவள், "ஆமாம்பா, அப்படித்தான் சொன்னீங்க. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்தப் பெண் இந்த வீட்டுக்குப் பொருத்தமானவள்தான்.

சொன்ன சொல் மாறாத மனிதர் அவர். வைகாசியில் வருகிற முதல் முகூர்த்தம் என்றார். எழுந்து போகும்போது எரிச்சலில், "கல்யாண விருந்துக்கும் இதையே போடுங்க, வர்றவங்க எல்லாம் சந்தோஷமா இருப்பாங்க" என்று சொல்லிவிட்டார்.

அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. இவர்கள் அதையும் அப்படியே செய்துவிடுவார்கள் என்று நான் அன்றைக்கே அவரிடம் போய்ச் சொல்லியிருப்பேன், என்னைத் தலையிட வேண்டாம் என்று வைத்திருக்கிறார்களே.

பத்திரிகை அச்சாகி வந்தது. சுற்றமும் நட்பும் சூழ உச்சி வேளைக்கு முன்பாக வந்திருந்து, அவரவர் கீஷின் மேல் அமர்ந்து, சிவந்தபின் மணமக்களை வாழ்த்தும்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அஞ்சாப்புலி சரியாகத்தான் யோசித்திருந்தான். அத்தனை ஓட்டுக்கும் தேசப்பன் ஒருவனே உட்கார முடியாது, சாப்பிடுகிறவர்களே உட்கார்ந்துவிட்டால் ஆயிற்று.

கல்யாணத்தன்று நண்டுமேட்டு மணலில் வரிசை வரிசையாகத் தட்டு. தட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு குடை. பாண்டிச்சேரி சொந்தக்காரர்கள் இது கடலோரத்து வழக்கம் போலிருக்கிறது என்று மரியாதையாக உட்கார்ந்தார்கள். நண்டுமேட்டுக்காரர்கள் இது பாண்டிச்சேரி வழக்கம் என்று உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் தணிகாசலம், கண்ணை மூடிக்கொண்டு. அவருக்குப் பக்கத்துத் தட்டு எனக்கு.

உச்சி வேளை ஆனதும் அஞ்சாப்புலி வரிசையின் கோடியிலிருந்து, ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டு மறுபக்கம் திரும்பி உட்காரச் சொல்லிக்கொண்டே வந்தான். எல்லாரும் திரும்பினார்கள். தேசப்பன் என் அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கெல்லாம் காக்கா ஓட்டினான். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அண்டாவையாவது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று மெல்ல எழுந்தேன்.

அஞ்சாப்புலி ஓடி வந்து, குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"உட்காருங்கக்கா. மாமா சிவந்துட்டாரு. நீங்க இன்னும் ஆகலை."