பதினாறு கால் பந்தி

அடுப்பு ஒரு கோடியில், இலை இன்னொரு கோடியில். யாரும் வாயைத் திறக்காமல் அடுப்படியிலிருந்து ரசம் வரவழைக்க வேண்டும் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு எட்டு நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்கிறீர்களா? வேப்பங்காட்டுக்காரர்கள் அப்படி லேசான வேலைக்கெல்லாம் போகிறவர்கள் இல்லை.

அந்த ஊர் ஆவுடையம்மாளுக்கு ஒரே மகள், செண்பகவடிவு. இரண்டு சம்பந்தம் வந்து இரண்டும் பந்திச் சத்தத்திலேயே கலைந்துபோயிற்று. கொழுந்தன் வெயிலுமுத்து "சாம்பாரு" என்று போட்ட சத்தத்தில் முதல் சம்பந்தி இலையிலேயே கவிழ்ந்தார். இரண்டாவது சம்பந்தி வந்த அன்றைக்கும் அதே மாதிரி ஒரு சத்தம்; அவர் தெருமுனையிலேயே கேட்டுவிட்டு அப்படியே திரும்பிவிட்டார். மூன்றாவதாக வரப்போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லியனுப்பினார்கள். இலை போட்டதிலிருந்து எழுந்திருக்கிற வரை அவர்கள் வழக்கத்தில் பேச்சே கிடையாதாம். ஒரு சத்தம் கேட்டாலும் பூ வைக்காமல் போய்விடுவார்களாம்.

ஆவுடை டவுனிலிருந்து கரண்டு வேலை செய்யும் மெர்சியைக் கூட்டிவந்தாள். வரப்போகிறவர்கள் எட்டுப் பேர். இலைக்கு ஒரு சுவிட்ச், அடுப்படியில் எட்டுக் குட்டி விளக்கு. எந்த விளக்கு எரிகிறதோ அந்த இலைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது. எட்டு சுவிட்சின் சேதியும் ஒரே கம்பியில்தான் போகும் என்றதும் ஊரே வாயைப் பிளந்தது. மெர்சி பொறுமையாக விளக்கினாள்.

"இந்தப் பலகையில இருக்கிற கறுப்புச் சிப்பு எட்டு சேதியையும் வரிசையா நிறுத்தி வைக்கும். கரண்டு ஒரு தட்டு தட்டினா ஒவ்வொண்ணும் ஒரு இடம் நகரும். கடைசியில நிக்கிறது வெளிய போகும். எட்டு தட்டு முடிஞ்சா எட்டும் போய்ச் சேர்ந்திரும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

எல்லா விளக்கையும் எரியவைத்துக் காட்டிவிட்டு அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

விருந்தாளி வரும் நேரம், பலகையைத் துடைக்க வந்த வெயிலுமுத்து நின்று குனிந்து பார்த்தான். கறுப்பாக, இரண்டு பக்கமும் எட்டெட்டுக் காலை வைத்துக்கொண்டு ஏதோ படுத்திருந்தது. ஈர்க்குச்சியால் நெம்பிக் கீழே தள்ளி, செருப்பால் நாலு போடு போட்டான்.

"மைனி, பலகையில ஒரு பூரான்."

"செத்துருச்சா?"

"நல்லாச் செத்துருச்சு."

நல்லவேளை, சம்பந்தியைக் கடிக்கவில்லை என்று ஆவுடை நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

பந்தி உட்கார்ந்தது. வாசலை ஒட்டிய கடைசி இலையில் மாப்பிள்ளை. சோற்றைப் பிசைந்து முடித்து எட்டுப் பேரும் சுவிட்சை அமுக்கினார்கள். ஒரு விளக்கும் எரியவில்லை. மறுபடியும் அமுக்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா அமுக்கிய அமுக்கில் அவள் விரல் வெளுத்துப்போயிற்று. அடுப்படியில் ஆவுடை வாளியைத் தூக்கினாள், வைத்தாள். சாம்பார் கொதிக்கிறது, யாருக்கு வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

அவளுடைய தம்பி சுடலைக்கண்ணு, செத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு யோசித்து, காதோடு சொன்னான். "அக்கா, அந்தப் பூரான்தான் சேதியைத் தூக்கிட்டு நடந்திருக்கு. இல்லைன்னா அதுக்கு எதுக்கு அத்தனை காலு?"

"எத்தனை காலு?"

"பதினாறு."

எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டார்கள். பதினாறு காலுக்கு இந்த நேரத்தில் எங்கே போவது? அப்போது வெயிலுமுத்து பந்தியை எட்டிப் பார்த்தான். விரல் விட்டு எண்ணினான். இன்னொரு தடவை எண்ணினான்.

"மைனி, ஆளு எட்டு. காலு பதினாறு. அளவெடுத்த மாதிரி இருக்கு."

மெர்சி சொன்னபடி தட்டுக்கு ஒரு இடம் அவர்களை நகர்த்த வேண்டியதுதான். ஆனால் தட்டினால் சத்தம் வருமே என்று ஆவுடை பயந்தாள். வாயில் வருவதுதான் சத்தம், கரண்டியில் வருவது தட்டு என்று சுடலைக்கண்ணு தீர்ப்புச் சொன்னான். இலையும் கூடப் போகணுமா என்று ஒரு வாதம் கிளம்பியது. மெர்சி இலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதால் இலை அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

ஆவுடை கரண்டியால் அண்டாவில் ஒரு தட்டு தட்டினாள். வெயிலுமுத்து விருந்தாளிகளைப் பார்த்துக் கும்பிட்டு, அடுத்த இலைக்கு நகரும்படி கைகாட்டினான். இலைமுன் பேசக்கூடாதே, அவர்கள் என்ன கேட்பது? இந்த ஊர் முறை போலிருக்கிறது என்று எல்லாரும் மரியாதையாக ஒரு இலை தள்ளி உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் அடுத்த இலை இல்லை. வெளியே போனான்.

வெளியே ஒரு இடம் என்பது எவ்வளவு தூரம்? சுடலைக்கண்ணு தெருவைப் பார்த்தான். கரண்டுக் கம்பத்தை விட்டால் வேறு எது கணக்கு? தட்டுக்கு ஒரு கம்பம்.

எட்டுத் தட்டு முடிந்தது. பந்தி காலி. எட்டு இலையில் சோறு, எட்டுக் கம்பத்தில் சம்பந்தி வீட்டார். அடுப்படியில் அப்போதும் விளக்கு எரியவில்லை.

ஆவுடை அழாத குறையாக முதல் கம்பத்துக்கு ஓடினாள். அங்கே மாப்பிள்ளையின் தாய்மாமன் கம்பத்தைப் பிடித்தபடி நின்றார். பந்தியை விட்டு எழுந்தாயிற்று, இனிப் பேசலாம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இவ்வளவு அமைதியா ஒரு விருந்தை நாங்க கண்டதில்லைம்மா. எங்களுக்குச் சம்மதம்."

ஆவுடைக்கு மூச்சு வந்தது. அதற்குள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எட்டாவது கம்பத்தை ஒட்டிய பஸ் ஸ்டாப்பிலிருந்து மாப்பிள்ளை.

"அத்தை, நான் எட்டாவது கம்பத்துல நிக்கேன். வடிவையும் இந்தப் பக்கமாத் தட்டி அனுப்புங்க. ஒவ்வொரு தட்டா, நிதானமா. அவ ஓடி வந்தா கணக்கு தப்பிரும்."