நெருப்புப் பூதத்தின் நிறம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, ஊரைவிடக் காடு பெரிசாக இருந்த நாளிலே, வெள்ளாயி என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் மாசிலான் விறகுவெட்டி. ஒருநாள் காலையில் காட்டுக்குப் போனவன் உச்சிப்பொழுதாகியும் திரும்பவில்லை. அவன் கால்தடத்தைப் பார்த்துப் பார்த்து வெள்ளாயி ஓடினாள்.

மலையடியில் ஒரு நெருப்புப் பூதம்! பனைமர உயரம். அதைச் சுற்றிலும் மனித உருவத்தில் கரிக்கட்டைகள். நடுவே மாசிலான். அவன் கால் முழங்கால்வரை கரியாகியிருந்தது.

"கிட்ட வராதே புள்ள, ஓடிப் போயிரு!" என்று கத்தினான்.

"உங்கள விட்டுட்டு எங்க மாமா போவேன்?"

பூதம் அவள் பக்கம் திரும்பியது. "உலகத்துக்கே வெளிச்சம் காட்டுகிறேன். ஆனால் என்னை நான் பார்த்ததில்லை. குளத்தில் பார்க்கப் போனால் அணைந்துவிடுவேன். சொல், என் நிறம் என்ன? மூன்று தடவை கேட்பேன். மூன்றும் தப்பானால் இவனும் முழுக்கக் கரிதான்."

வெள்ளாயி சட்டென்று "செம்பருத்திச் சிவப்பு" என்றாள்.

"வந்தவன் எல்லாம் இதைத்தானே சொன்னான்!" பூதம் சீறியது. கரி மாசிலானின் இடுப்புவரை ஏறியது.

"சொல், என் நிறம் என்ன?"

"உருக்கின தங்கம்! உதிக்கிற சூரியன்! ராஜா கிரீடத்து மாணிக்கம்!" எப்படியாவது அதன் மனம் குளிராதா என்று அடுக்கினாள்.

"புகழ்ச்சி எனக்கு எதற்கு?" கரி கழுத்துவரை ஏறியது. மாசிலானால் இப்போது பேச முடியவில்லை. கண் மட்டும் அசைந்தது.

"சொல், என் நிறம் என்ன?"

இன்னொரு தப்பு, அவன் இல்லை. வெள்ளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாகப் பூதத்தை உற்றுப் பார்த்தாள். உச்சியிலிருந்து அடிவரை பார்த்தாள்.

"உச்சியில நீ பழுத்த மிளகாய். நடுவுல அரைச்ச மஞ்சள். ஆனா அடியில..." குரல் இறங்கியது. "அடியில ஒரு நீலம் இருக்கு. குளிர்ல தனியா நின்னு அழுதழுது ஓஞ்ச பிள்ளையோட உதட்டு நீலம். அதை நீ மறைச்சு மறைச்சு எரியுற."

பூதத்தின் தழல் சரசரவென்று தாழ்ந்தது. பனை உயரம் ஆள் உயரமானது. ஆள் உயரம் ஒரு இளைஞன் ஆனது.

"நான் மலைநாட்டு இளவரசன்," என்று விம்மினான் அவன். "பிள்ளையாக இருந்தபோது ஒரு மந்திரவாதி தூக்கிவந்து சபித்துவிட்டான். உள்ளபடி என்னைப் பார்த்து யாராவது சொல்லும்வரை எரிய வேண்டும் என்று."

சுற்றியிருந்த கரிக்கட்டைகள் இருமிக்கொண்டே எழுந்தன. மாசிலான் முழு ஆளாய் நின்றான். அந்த மலையையே வெள்ளாயிக்கும் மாசிலானுக்கும் எழுதிக் கொடுத்தான் இளவரசன்.

வெள்ளாயி அதைக் காதில் வாங்கவே இல்லை. வழி நெடுக, பத்தடிக்கு ஒருமுறை குனிந்து புருஷன் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "சதைதான் புள்ள, சதைதான்" என்று அவன் சிரித்தான். ஊர் எல்லை கண்ணில் பட்ட பிறகுதான் அவளும் சிரித்தாள்.