நீரைக் கலக்கிய நாரை

மூங்கில் காட்டுக் குளக்கரையில் ஒரு நாரை பள்ளி நடத்தி வந்தது. இரை தேடப் போகும் தாய்கள் காலையில் பிள்ளைகளை அதனிடம் விட்டுவிட்டுப் போகும். வாத்துக் குஞ்சுகள் வந்தன, ஆமைக் குட்டிகள் வந்தன, சுழியன் என்ற நீர்நாய்க் குட்டியும் வந்தது.

நாரையிடம் இருந்தது ஒரே பாடம். ஆடாமல் நில், தண்ணீரைக் கலக்காதே, தெளிந்த நீரில்தான் மீன் வரும். அப்படி நின்றுதான் நாரை இத்தனை காலம் பிழைத்தது. ஆகவே அதுவே எல்லோருக்கும் பாடம் என்று நம்பியது.

சுழியனால்தான் தொல்லை. சேற்றில் சறுக்கும், வாத்துக் குஞ்சுகளின் வாலை இழுக்கும். நாரை அதட்டி அதட்டி நிறுத்தியது. மழைக்காலம் முடிவதற்குள் சுழியனும் நட்ட கல்லைப்போல் நிற்கப் பழகிவிட்டது. தாய்கள் மெச்சின. நாரையின் கழுத்து இன்னும் ஒரு சாண் நீண்டது.

கோடை வந்தது. குளம் வற்றத் தொடங்கியது. நீர்நாய்க் குடும்பம் ஆற்றோடு நீந்திக் கீழே நீர் வற்றாத மடுவுக்குப் போக முடிவு செய்தது. ஒரு மாலை தாய் நீர்நாய் தனியாக வந்தது.

"வாத்தியாரே, என் பிள்ளை நீந்த மாட்டேங்குது. ஆழத்துல விட்டாலும் அசையாம நிக்கத்தான் பார்க்குது. மூழ்குது, நான் இழுத்துட்டு வரேன். ஏன்டான்னா, கலக்கினா வாத்தியார் திட்டுவாருங்குது. இவனை எப்படி ஆத்தோட கூட்டிட்டுப் போறது?"

நாரை தன் பாடத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தது. பாடத்தில் பிழை உண்டா? இல்லை, தன் வயிறே அதற்குச் சாட்சி. ஆனால் சுழியனுக்குக் குட்டைக் கால், விரல்களுக்கு இடையே சவ்வு. இத்தனை நாளும் பக்கத்திலேயே நின்றும் அந்தக் காலைத் தான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லையே!

நீந்தக் கற்றுக்கொடுக்க நாரைக்குத் தெரியாது. மறுநாள் பிள்ளைகள் வரிசையாக நின்றபோது, அது தெளிந்த நீரில் இறங்கி இரண்டு கால்களாலும் சேற்றைக் கிளறியது. "வாத்தியாருக்கு வெயில் ஒத்துக்கலை" என்று ஓர் ஆமைக் குட்டி முணுமுணுத்தது.

"சுழியா, இந்தக் கலக்கு போதுமா?" என்று கேட்டது நாரை.

சுழியன் குளத்தைப் பார்த்தது. நாரையைப் பார்த்தது.

"இவ்வளவுதானா, வாத்தியாரே?"

சொல்லிவிட்டுக் கரைச் சேற்றில் சறுக்கித் தண்ணீரில் விழுந்தது. வாத்துக் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தன. அவற்றைத் துரத்திப் போன சுழியன், ஆழத்தைக் கடந்தது தெரியாமலே அக்கரையில் ஏறி உடம்பை உதறியது.

அன்று கலங்கிய நீரில் நாரைக்கு ஒரு மீனும் அகப்படவில்லை. ஆனாலும் அன்றிரவு அது நிம்மதியாகத் தூங்கியது. நீர்நாய்க் குடும்பம் ஆற்றில் இறங்கிய காலையில், எல்லோருக்கும் முன்னால் நீந்திப் போனது சுழியன்தான்.

ஆசிரியருக்குக் கைவந்த வித்தையை மட்டும் பாடமாக்காமல், பிள்ளையின் இயல்பைப் பார்த்துக் கற்பிப்பதே நல்ல கல்வி.